எடுத்த பொறுப்பும் குறைந்த வேகமும்



கொடை என்றதும் நம் நினைவுக்கு வருபவை காசும் அரிசியும் துணிமணியும்தாம். சும்மா கிடக்கும் கணினியின் உழைப்பையும் கொடையாகக் கொடுக்கலாம் என்பது நம் குடும்பங்களில் பலரும் கேள்விப்படாத செய்தி. வில்லியனூரில் ஒன்றும் பாகூரில் ஒன்றுமாக எங்கள் உறவில் இரண்டு வீடுகள் அக்கொடையை 2020ஆம் ஆண்டிலிருந்து கொடுத்து வருகின்றன. தொடங்கிய முதற்கோடையிலேயே இரண்டு வீட்டுக் கணினிகளும் நடை தளர்ந்தன. ஏன் தளர்ந்தன என்று தேடியபோது கிடைத்த விடைகள் கணினி வைத்திருப்போருக்குப் பயன்படும். கணினியே இல்லாதவர்களும் எண்ணிப் பார்க்க அவற்றில் ஒரு செய்தி உண்டு. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

கல்யாண வீட்டுக்குப் பூண்டு உரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைப் பூண்டை ஒரே வீட்டார் உரிக்க உட்கார்ந்தால் இரண்டு நாளும் போதாது. தெருவில் வீட்டுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், ளுஹருக்குக் கொடுத்தது மஃரிபுக்குள் திரும்பி வந்துவிடும். ஆய்வாளர்களிடமும் இவ்வாறான மூட்டைகள் உண்டு. ஒரே கணினியில் செய்தால் ஓர் ஆயுளுக்குள் முடியாத கணக்குகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்புகிறார்கள். நம் கணினி தன் பங்கை முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. பிறகு அடுத்த துண்டைப் பெற்றுக்கொள்கிறது. இதனைப் பகிர்வுக் கணிமை என்கிறார்கள்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் 1999 மே 17 அன்று தொடங்கிய செட்டி அட் ஹோம் என்னும் திட்டம் இம்முறையை உலகறியச் செய்தது. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளில் வேற்றுலக அறிவின் தடயம் உண்டா என்று தேடிய திட்டம் அது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் ஃபோல்டிங் அட் ஹோம் தொடங்கியது. 2005இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் வந்தது. வீட்டுக் கணினி என்ன பெரிதாகச் சாதித்துவிடும் என்று கேட்போருக்கு 2010இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியரின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும், அரெசிபோ தொலைநோக்கி பதிந்த தரவுகளிலிருந்து அதுவரை எவரும் அறியாத ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டெடுத்தன.

எங்கள் இரு வீட்டாரும் தேர்ந்துகொண்டது ஃபோல்டிங் அட் ஹோம். அது புரதங்களைப் பற்றியது. நம் உடலின் புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். அச்சங்கிலி உரிய வடிவில் மடிந்தால்தான் புரதம் தன் வேலையைச் செய்யும். மடிப்பு பிசகிய புரதங்கள் அல்சைமர் எனும் மறதி நோய் முதலான பல நோய்களோடு தொடர்புடையவை. ஒரு புரதத்தின் அணுக்கள் அடுத்த கணத்தில் எங்கே நகரும், அதற்கடுத்த கணத்தில் எங்கே நகரும் என்று, ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் வரும் பங்கை ஒத்த மிகச் சிறு காலடிகளில் கணக்கிட்டுச் செல்வதே அத்திட்டத்தின் வேலை.

இத்துறைக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், தம் உடன் ஆய்வாளர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட ஆய்வு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் திரும்ப இயலாது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்களை இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்றும் உலகெங்கும் வழக்கம். நம் பக்கத்து மண்ணில் தாளிலும் எழுதுகோலிலும் வளர்ந்த ஒரு துறை, நம் வீட்டு மேசைக்குக் கணினித் துண்டாகத் திரும்பி வந்திருக்கிறது என்று எண்ணும்போது மகிழ்ச்சி உண்டாகிறது.

இனி எங்கள் வீடுகளுக்கு வருவோம். வில்லியனூரில் எங்கள் தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர். பாகூரில் எங்கள் மச்சான் வீட்டு வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக ஆக்கிக் கொடுப்பவர். இரண்டு தொழிலுக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். திரையில் படம் காட்டப் பிறந்த அக்கார்டில், ஒரே வகையான கணக்கைச் சேர்ந்து செய்யும் சிறு கணிப்பான்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் உள்ளன. ஆகவே புரத அணுக்களின் கணக்குக்கும் அது மிகப் பொருத்தமானது. ஃபோல்டிங் அட் ஹோம் 2006ஆம் ஆண்டிலேயே கிராஃபிக்ஸ் கார்டுகளை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. கல்யாணங்கள் நின்றன, கட்டட வேலைகளும் நின்றன. இரண்டு கார்டுகளும் சும்மா கிடந்தன. கொரோனாக் கிருமியின் புரதங்களை ஆராய ஃபோல்டிங் அட் ஹோம் உலகத்தாரிடம் கணினி நேரம் கேட்டிருந்தது. சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வினாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகள் என்னும் எக்ஸா அளவை உலகில் முதன்முதலாகத் தொட்ட கணினிக் கூட்டம் அதுவே. அதனைத் தொட்டதும் அதே மார்ச் மாதக் கடைசி வாரத்தில்தான். ஆள் பெருகியதால் கொடுக்கத் துண்டுகள் இன்றிக் கணினிகள் காத்திருந்த நாள்களும் உண்டு.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வில்லியனூர் வீட்டில் நன்னிமா இருக்கிறார்கள். தொழுதோமா இல்லையா என்று ஒரே வக்தில் மும்முறை கேட்கும் நிலைக்கு மறதி அவர்களைக் கொண்டுவந்திருந்தது. அந்நோய்க்கு நாங்கள் மருந்து கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆயினும் மருந்தைத் தேடுவோருக்கு ஒரு கை கொடுக்கலாம் என்பது எங்கள் நிய்யத்தாக இருந்தது.

ஏப்ரல் நடுவில் வில்லியனூர்க் கார்டு ஒரு துண்டை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. மே மாதத்தில் அது ஏழரை, எட்டு என்று நீண்டது. பாகூரில் ஒருநாள் திடீரென்று, ஒரு துண்டு முடிய இரண்டு நாள் ஆகும் என்று திரை காட்டியது.

மெதுவாக முடிந்தால் என்ன, இலவச வேலைதானே என்று தோன்றலாம். இங்கேதான் பூண்டு உரிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. பூண்டில் ஒரு வீட்டார் பிந்தினால் மற்ற வீட்டுப் பூண்டை வைத்துத் தேக்சாவை ஏற்றிவிடலாம். புரதக் கணக்கு தொடர்ச்சியானது. முதல் துண்டில் அணுக்கள் எந்த இடத்தில் நின்றனவோ, அந்த இடத்திலிருந்துதான் இரண்டாம் துண்டு தொடங்க முடியும். நம்மிடம் உள்ள துண்டு வந்து சேரும்வரை அதற்கடுத்த துண்டு பிறப்பதே இல்லை. இதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தவணை குறிக்கப்படுகிறது. தவணை கடந்தால் அதே துண்டு வேறொருவருக்குக் கொடுக்கப்படும். இறுதிக் கெடுவும் கடந்தால் நாம் செய்த வேலைக்குப் பயனில்லை. எரிந்த மின்சாரம் வீண். கேட்டு வாங்கிய துண்டு கையில் இருக்கும்வரை அது அமானத். ஆகவே வேகம் குறைந்ததன் காரணத்தை அறிவது கடமையாயிற்று.

ஊரடங்கில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியவில்லை. எல்லாம் தொலைபேசியில்தான். ஊரார் யாரைக் கேட்டாலும் ஒரே விடை சொன்னார்கள்: வோல்டேஜ் குறைச்சல். மின்விசிறி தளர்ந்து சுற்றும் ஊரில் அவ்வாறு எண்ணுவது இயல்பு. ஆனால் கணினியின் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, வரும் மின்னழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் உள்ளே கொடுப்பதை ஒரே சீராகக் கொடுக்கும்படி அமைந்தது. அதனால் தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் விழுந்தால் கணினி அணைந்துபோகும். மின்விசிறியைப் போல மெல்லத் தளராது.

காரணத்தைத் தேடும்போது எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டிலும் எப்படிக் குறைந்தது என்பதே நல்ல தடயம் என்று கண்டோம். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா? ஒரு கணத்தில் விழுந்து, விழுந்த இடத்திலேயே நிற்கிறதா? வீட்டில் வேறொருவர் கணினியைத் தொடும்போது குறைந்து, விட்டதும் ஏறுகிறதா? துண்டுக்குத் துண்டு மாறுகிறதா? இந்நான்கும் நான்கு வேறு நோய்களின் குறிகள்.

பார்ப்பதற்குக் கருவிகளும் உண்டு. என்விடியா கார்டுகளோடு வரும் என்விடியா எஸ்எம்ஐ என்னும் சிறு நிரல், வெப்பநிலை, கடிகார வேகம், உண்ணும் வாட் ஆகியவற்றோடு, வேகம் கட்டுப்பட்டிருந்தால் அதன் காரணத்தையும் சொல்லிவிடும். வெப்பமா, மின் வரம்பா என்று தனித்தனி வரிகளில் காட்டும். விண்டோஸில் இயங்கும் ஜிபியூ இசட் என்னும் இலவச நிரலிலும் இதற்கென ஒரு கட்டம் உண்டு.

வில்லியனூரில் கண்டது முதல் வகை. ஃபஜ்ருக்குப் பின் அறை 29 டிகிரி, கார்டு 74 டிகிரி. பிற்பகலில் அறை 37, கார்டு 82, 83. கார்டின் விசிறி ஏற்கெனவே உச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. அறை எட்டு டிகிரி ஏறினால் கார்டும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். பல கார்டுகளுக்கு 83 டிகிரி அல்லது அதை ஒட்டிய ஓர் எல்லையைத் தயாரிப்பாளர் வைத்திருக்கிறார். அவ்வெல்லையை எட்டியதும் கார்டு தன் கடிகாரத்தைச் சிறு சிறு படிகளாக இறக்கிக்கொள்ளும். எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு வகுக்கப்பட்ட வழி அதுவே. ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வையுங்கள். சில நிமிடங்களில் வேகம் மீண்டால் நோய் வெப்பம்தான். எங்களுக்கு மீண்டது.

பாகூர்க் கணினியில் தூசும் சேர்ந்திருந்தது. பாகூர் நெல் விளையும் ஊர். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் நாள்களில் பறக்கும் நுண்ணிய உமித்தூசு சன்னல் வழியாக வந்து விசிறியிலும் வெப்பத்தைக் கடத்தும் தகடுகளின் இடுக்கிலும் படிந்துவிடுகிறது. மச்சான் கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தார். வெப்பம் ஆறு டிகிரி இறங்கியது. ஆனால் திடீரென்று விழுந்த வேகம் ஏறவில்லை. கார்டு 55 டிகிரியில் குளிர்ந்து கிடந்தும் கடிகாரம் அடியிலேயே நின்றது. குளிர்ந்திருக்கும் கார்டு மெதுவாக ஓடினால் அங்கே வெப்பத்தின் மீது பழி போட வழியில்லை.

அது இரண்டாம் வகை. விண்டோஸ் இயங்குதளம் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலை சொல்லி, வழக்கமாக இரண்டு வினாடி பதிலுக்குக் காத்திருக்கும். பதில் இல்லையேல் கார்டு மயங்கிவிட்டதாக எண்ணி, அதை இயக்கும் டிரைவர் நிரலைப் புதிதாகத் தொடங்கிவிடும். அவ்வாறு எழுப்பப்பட்ட கார்டுகள் சில, கணினியை முழுதாக அணைத்துப் போடும்வரை தாழ்ந்த கடிகாரத்திலேயே நின்றுவிடுவதுண்டு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு இதற்கான குறிப்பு இருக்கும். மச்சான் தேடிப் பார்த்தார், இருந்தது. அணைத்துப் போட்டதும் வேகம் திரும்பியது. மீண்டும் அவ்வாறு நேராதிருக்கக் கார்டின் உச்சக் கடிகாரத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைத்தார். விற்பனையில் சில கார்டுகள் வழக்கத்தைவிட முடுக்கப்பட்ட வேகத்தில் வருகின்றன. விளையாட்டில் ஒரு புள்ளியின் நிறம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அணுக் கணக்கில் ஓர் எண் பிசகினால் அந்தத் துண்டே கெட்டுவிடும். ஆகவே விளையாட்டுக்குத் தாங்கும் முடுக்கம் கணிப்புக்குத் தாங்காமல் போகலாம்.

மூன்றாம் வகை பிள்ளைகளின் இணைய வகுப்பு தொடங்கியபின் வந்தது. வகுப்பு நடக்கும்போது கார்டின் வேகம் குறைந்தது. கூடவே அதன் வெப்பமும் குறைந்தது. கார்டு பட்டினி கிடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக வேலை செய்வதில்லை. அதற்கு இடைவிடாமல் வேலையை எடுத்துக் கொடுக்கக் கணினியின் முதன்மைச் செயலியில் ஒரு கரு வேண்டும். குறிப்பாக என்விடியா கார்டில் ஃபோல்டிங் அட் ஹோம் ஓடும்போது ஒரு கரு முழுதாக அதற்கே போய்விடும். எல்லாக் கருக்களையும் வேறு வேலைகள் பிடித்துக்கொண்டால் கார்டு கைகட்டி நிற்கும். முதன்மைச் செயலியில் ஓடும் தன்னார்வக் கணிப்பை நிறுத்தி, கார்டுக்கென ஒரு கருவை ஒதுக்கியதும் சரியாயிற்று. பல திட்டங்களுக்குப் பொதுவான பாயின்க் என்னும் மென்பொருளில், எத்தனை விழுக்காடு கருக்களைப் பயன்படுத்தலாம் என்று நாமே குறிக்கும் இடம் உண்டு.

நான்காம் வகை நோயே இல்லை. துண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் அணுக்கள் சில ஆயிரம். இன்னொன்றில் சில இலட்சம். சிறிய புரதம் பெரிய கார்டை நிரப்பாது. பெரிய புரதம் சிறிய கார்டைத் திணறடிக்கும். ஆகவே ஒரே திட்ட எண்ணுள்ள துண்டுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். அதேபோல, கணிப்பு வேலையின்போது சில கார்டுகள் தம் நினைவகக் கடிகாரத்தைச் சற்றே தாழ்த்திக்கொள்வதும் வடிவமைப்பின்படி நிகழ்வதே.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு சொல். எத்தீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகக் கைமாறின. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைத்தால், விசிறியின் ஒலியைக் கேளுங்கள். சில்லின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். போர்டில் உரிய துளையில் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதினாறு வழிகளில் பேச வேண்டிய கார்டு, சரியாக அமராததால் ஒரு வழியில் பேசிக்கொண்டிருப்பதும் உண்டு.

காரணங்கள் தெரிந்துவிட்டன. வில்லியனூரில் மருந்தும் தெரிந்துவிட்டது: மேசை விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அம்மா அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள்.

“ஏம்ப்பா, அது நன்னிமாவுக்கு வாங்குன விசிறியாச்சே. பெட்டிக்குக் காத்து வச்சிட்டா, கத்திரி வெயில்ல அவங்க எங்க படுப்பாங்க?”

கார்டுக்கு விடை கண்ட எங்களுக்கு இக்கேள்வி அதைவிடக் கடினமாயிருந்தது. கணினி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. 200 வாட் உண்ணும் கணினி, பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை இரவு பகலாக எரியவிட்டதற்கு ஒப்பு. விசிறி வைத்தால் கார்டு குளிரும், அறை குளிராது. அடுத்த அறையில் படுத்திருப்பவரோ, எவருடைய நோயை எண்ணி இவ்வேலையை ஏற்றோமோ அவரே. செலவையும் கணக்கிட்டோம். 200 வாட், 24 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144 யூனிட். வருமானம் நின்றுபோன மாதங்களில் அது சிறிய தொகை இல்லை. வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நல்ல காரியத்துக்குச் செலவாவது வீணாகாது என்று ஒருவர் சொல்லலாம். தவணை கடந்து பயனற்றுப்போன துண்டுக்கு எரிந்தது வீண்தானே? தேவைக்கு மேல் எரிந்ததும் வீண்தானே?

தேவைக்கு மேல் எவ்வளவு எரிகிறது என்று பார்த்தபோதுதான் வழி திறந்தது. சில்லின் வேகத்தை ஏற்ற ஏற்ற அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. உண்ணும் மின்சாரமோ வேகத்தோடும், அழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து பெருகுகிறது. ஆகவே கடைசிச் சிறு வேகத்துக்குத்தான் மிக அதிக விலை கொடுக்கிறோம். அவ்விடத்தை விட்டுக்கொடுத்தால் இழப்பு சிறிது, மிச்சம் பெரிது. 120 வாட் உண்ணும் கார்டுக்கு 90 வாட் என்று வரம்பு குறித்தோம். என்விடியா எஸ்எம்ஐ நிரலில் ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற நிரலில் ஒரு கோலை நகர்த்தினாலே போதும். மின்சாரம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆறு மணி நேரத்தில் முடிந்த துண்டு ஆறரை மணி நேரத்துக்குள் முடிந்தது. வெப்பத்தால் தானே தளர்ந்த நாள்களின் எட்டு மணி நேரத்தைவிட இது விரைவு.

நேரத்தையும் மாற்றினோம். இஷாவுக்குப் பின் ஒரு துண்டை வாங்கி, ஃபஜ்ருக்குள் முடித்து அனுப்பிவிடுவது. ‘கையில் உள்ளதை முடித்துவிட்டு நிறுத்து’ என்று ஒரு பொத்தான் அந்த மென்பொருளிலேயே உண்டு. அதை அழுத்திவிட்டால் புதுத் துண்டை வாங்காது. கணினியும் முன்வாசல் பக்கத்துக் காற்றோட்டமான அறைக்கு இடம் மாறியது. இப்போது கணினி முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 165 வாட். எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மாதம் 40 யூனிட்டைத் தாண்டுவதில்லை. கத்திரி வெயில் நாள்களில் எந்தத் துண்டையும் ஏற்பதில்லை என்று இரு வீட்டாரும் முடிவு செய்தோம். விசிறி நன்னிமாவின் கட்டிலருகே சுற்றிக்கொண்டிருக்கிறது. பாகூரிலும் அறுவடை நாள்களில் சன்னல் சாத்தி, கணினியை அணைத்து, துணி போர்த்தி வைத்துவிடுகிறார்கள்.

இரவில் ஒளிரும் கணினியைக் கண்ட சிலர், பிட்காயின் எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இதில் ஒரு பைசா வருமானமும் இல்லை. திரையில் ஏறும் புள்ளிகளைக் கொண்டு ஒரு தேநீரும் வாங்க முடியாது என்று சொன்னோம். படித்த பிள்ளைகள் வேறு கேள்வி கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவே இப்போது புரத வடிவத்தைச் சொல்லிவிடுகிறதே, வீட்டுக் கணினி இனி எதற்கு? நியாயமான கேள்வி. ஆல்ஃபாஃபோல்ட் நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கு 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதியைப் பெற்றவர் டேவிட் பேக்கர். ரோசெட்டா அட் ஹோம் என்ற பெயரில் 2005 முதல் தன்னார்வலர்களின் கணினிகளைத் துணைக்கழைத்தது அவருடைய ஆய்வகம்தான். மேலும், மடிந்து முடிந்த வடிவத்தை அறிவது ஒன்று. அப்புரதம் எவ்வாறு அசைகிறது, எக்கணத்தில் மருந்து புகும் இடுக்கு திறக்கிறது என்று காண்பது இன்னொன்று. ஃபோல்டிங் அட் ஹோம் தேடுவது பின்னதை.

பொறுப்பேற்பதில் நம் சமூகத்தார் பின்வாங்குவதில்லை. பள்ளிவாசல் வேலை, கல்யாண வேலை, மதரஸா வேலை என்று எது வந்தாலும் தலையசைத்து வாங்கிக்கொள்கிறோம். வாங்கியது நம் கையில் தேங்கினால் அதற்கடுத்தவர் வேலையும் சேர்ந்து தேங்கும் என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை. பெரிய பங்கை வாங்கிக் காலம் தாழ்த்துவதைக் காட்டிலும், தாங்கும் பங்கை வாங்கித் தவணைக்குள் திருப்புவது மேல். தாங்கும் அளவு எது என்பதை வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஓய்ந்து கிடக்கும் கணினி இருந்தால், முதலில் ஒரே ஒரு துண்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு நாள் அதன் வெப்பத்தையும் வேகத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். காலையும் பிற்பகலும் எவ்வளவு மாறுகின்றன என்று தெரிந்தபின், எத்தனை மணி நேரம், எத்தனை வாட் என்று நீங்களே வரம்பு குறித்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் கட்டுபவரிடமும், அந்த அறையில் உறங்குபவரிடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அவர்கள் சரியென்றால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.